எங்கள் தெரு மழைத்தண்ணீர் சேவைக்கு ஐந்துக்கு இரண்டரை

ஹோட்டல் தோசைக்கும் மிக்ஸிக்கும் நட்சத்திரம் போடுகிறோம். தெருவில் நிற்கிற மழைத்தண்ணீரை எடுக்க வருகிறவர்களுக்கு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. வரி கட்டுகிறோம், அவர்கள் வேலையை மூன்று மழைக்காலமாக ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன், ஒரு தடவை முழங்கால் தண்ணீரில் இறங்கி அவர்கள் கூடவே நின்றும் இருக்கிறேன், அதனால் எனக்கு எழுத உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

இடம் புதுச்சேரி, ரெயின்போ நகருக்குப் பக்கத்தில் ஒரு குறுக்குத் தெரு. (வானவில் என்று ஆசையாகப் பெயர் வைத்தவர், அதற்கு முன்னால் மழை வரும் என்பதை யோசித்தாரா தெரியவில்லை.) எந்த அலுவலகம், எந்தப் பிரிவு என்று பெயர் போட மாட்டேன். ரோடு ஒருத்தர் பொறுப்பு, சாக்கடை இன்னொருத்தர் பொறுப்பு என்று இருக்கிறது, நான் போட்டால் அது நிச்சயம் தப்பானவர் தலையில்தான் போய் விழும்.

முதலில் ஃபெஞ்சலைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு அந்தப் புயல் நம் பக்கத்தில் கரையேறி, ஏறின இடத்திலேயே பல மணி நேரம் நகராமல் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் காலைக் கணக்கில் 24 மணி நேரத்துக்கு 46 செ.மீ. மழை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்தபோது காற்றுக்குத்தான் பயந்தோம், மரமெல்லாம் சாய்ந்து கிடந்தது, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. இந்தத் தடவை நேர்மாறு. 46 செ.மீ. என்று பேப்பரில் படித்தால் பெரிதாகத் தெரியாது, ஸ்கேல் அளவுதானே. ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2400 சதுர அடி, அதன்மேல் மட்டும் விழுந்த தண்ணீரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டரை லாரி. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அதனால் அன்றைக்குத் தண்ணீர் நின்றதற்கு நான் யார் மார்க்கையும் குறைக்கவில்லை. அவ்வளவு மழையை எந்த ஊர் வாய்க்காலும் உடனே விழுங்காது, கடல் வேறு பொங்கி நின்றால் வாய்க்கால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். நான் மார்க் போடுவது அதற்கு அப்புறம் நடந்ததற்கு. பிறகு வந்த சாதாரண மழைகளுக்கும் சேர்த்து. ஒரு மணி நேரம் பெய்த மழைக்கு இரண்டு நாள் கணுக்கால் தண்ணீர் ஏன் நிற்க வேண்டும், என் கேள்வி அவ்வளவுதான்.

புயல் முடிந்த மூன்றாம் நாள் காலை டீசல் இன்ஜினோடு ஆள் வந்தார்கள். ஆறு பேர், கூட ஒரு மேஸ்திரி. இவர்களுக்கு, அதாவது தண்ணீரில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு, ஐந்துக்கு ஐந்து, யோசிக்கவே வேண்டாம். இன்ஜினைத் தெருமுனையில் மேடான இடத்தில் ஏற்றி, உறிஞ்சுகிற பைப்பின் வாயை அப்படியே தண்ணீரில் போடாமல் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துக் கட்டினார்கள், குப்பை ஏறி அடைக்காமல் இருக்க. அப்படியும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூடையைச் சுற்றிப் பால் கவர், சானிட்டரி நாப்கின், வாழைமட்டை, ஒரு தடவை யாரோ குழந்தையின் செருப்பு. ஒரு பையன் வேறு வேலையே செய்யவில்லை, கூடைக்குப் பக்கத்தில் நின்று கையால் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான். அத்தனையும் எங்கள் இருபத்திரண்டு வீட்டிலிருந்தும் போனதுதான், வானத்திலிருந்து விழவில்லை.

வெளியே போகிற பைப்பை அடுத்த தெரு வாய்க்காலில் விட வேண்டும், அங்கேதான் சண்டை. "எங்க தெருவுக்கு ஏன்யா தள்றீங்க?" என்று நாலு பேர் வந்து பைப் மேலேயே நின்றார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை, அவர்கள் வாசலிலும் தண்ணீர். மேஸ்திரி கத்தவில்லை. அவர்களையே கூட்டிக்கொண்டு போய், அந்த வாய்க்கால் எங்கே போய்ச் சேருகிறது, அங்கே இழுவை இருக்கிறதா என்று ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுக் காட்டினார். மட்டை மிதந்து நகர்ந்து போனதைப் பார்த்ததும் ஆட்கள் விலகினார்கள். நாற்பது நிமிஷம் போனது. அந்த நாற்பது நிமிஷத்தை மிச்சப்படுத்த முதல் நாளே இரண்டு தெருவுக்கும் ஒருவர் வந்து சொல்லியிருந்தால் போதும்.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை அதுதான். எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகுதான் தெரியும்.

இன்ஜின் வைத்துத் தண்ணீரைக் குறைத்த பிறகுதான் ஏன் இழுக்கவில்லை என்பது தெரிந்தது. தெருமுனையில் சைடு வாய்க்கால் திரும்பும் இடத்தில் அடைப்பு, அதன்மேல் சிலாப், சிலாப் மேல் ஒரு கார். நாலாம் வீட்டுக்காரருடையது. அவர் பெங்களூரில், சாவி அவரிடம். தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கிற ஜெட்டிங் வண்டி மத்தியானம் வந்தது, காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தார்கள், எட்டுப் பேர் சேர்ந்து தூக்கி நகர்த்தலாமா என்றுகூடப் பேசினார்கள், சைரன் அலறும், கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று விட்டுவிட்டார்கள். வண்டி போய்விட்டது. அடுத்த தெருக்கள் காத்திருக்கின்றன, அவர்களைக் குறை சொல்ல முடியாது. திரும்பி வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் நாங்கள் செங்கல் மேல் செங்கல் போட்டு நடந்தோம்.

நடுவில் பொறுமை இழந்து ஒரு காரியம் செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். பாதாளச் சாக்கடை மேன்ஹோல் மூடியைக் கடப்பாரை வைத்து நெம்பித் திறந்தோம். அதாவது தெரு ஆண்கள் திறந்தார்கள், நான் டார்ச் அடித்தேன், தடுக்கவில்லை. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது, கை தட்டினார்கள். ராத்திரி பத்து மணிக்கு எங்கள் கீழ்வீட்டுக் கழிவறையில் அதே தண்ணீர் மேலே வந்தது. கூடத்து நடு வரைக்கும். அந்தக் குழாய் நம் வீட்டுக் கழிவுக்கு மட்டும் அளவு பார்த்துப் போட்டது, தெரு மழையை அதில் விட்டால் தாழ்வான வீட்டுக் கழிவறை வழியாகத்தான் வெளியே வரும். திறந்த மூடியைத் தண்ணீருக்கடியில் யாருக்கும் தெரியாது, ஒரு குச்சியில் சிவப்புத் துணிகூட நாங்கள் கட்டவில்லை. யாரும் விழாதது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

மறுநாள் ஒருவர், "ஒரு ஆள உள்ள எறக்கி விட்டா அஞ்சு நிமிஷ வேலண்ணே" என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்க எறங்குறீங்களா சார்?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. மனிதரை அதில் இறக்கி அள்ளவைக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் போட்டாகிவிட்டது, உள்ளே இருக்கிற வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். அந்த ஒரு பதிலுக்காகவே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

இப்போது மாண்ட்ரியல் கதை. சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

2023 ஜனவரியில் மகள் பேறுகாலத்துக்குக் கனடா போயிருந்தேன். புதுச்சேரிக்காரர்களுக்குப் பாரிஸ்தான் பழக்கம், எங்கள் மாப்பிள்ளைக்கு வேலை பிரெஞ்சு பேசுகிற மாண்ட்ரியலில் அமைந்துவிட்டது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தால் பார்க்க இருந்தது ஒன்றே ஒன்று, பனி அள்ளுகிற வேலை. நான் சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பார்த்தேன்.

கொஞ்சம் விழுந்தாலே தள்ளுகிற வண்டிகள் கிளம்பிவிடும், ரோட்டை ஓரமாக ஒதுக்கி உப்புத் தூவிக்கொண்டு போகும். குளிர் மைனஸ் 15க்குக் கீழே போனால் உப்பு சரியாக வேலை செய்யாது, அப்போது சின்னக் கல் தூவுகிறார்கள், வழுக்காமல் இருக்க. 10, 15 செ.மீ. சேர்ந்துவிட்டால் ஒதுக்குவது போதாது, ஓரத்து மேட்டை மொத்தமாக அள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன்னால் தெருவோரம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பலகை வந்து நிற்கும்: இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை இந்தப் பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது. பகல் முறை என்றால் காலை 7 முதல் மாலை 7, ராத்திரி முறை என்றால் மாலை 7 முதல் காலை 7. செல்போனில் பார்க்கவும் ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள், உங்கள் தெருவுக்கு எப்போது என்று காட்டும். நேரம் வந்ததும் இழுவை வண்டி ஒரு விசித்திரமான சைரன் போட்டுக்கொண்டு தெருவில் வரும். அந்தச் சத்தம் கேட்டால் ஆட்கள் லுங்கி மாதிரி ஒரு பைஜாமா, மேலே பெரிய கோட்டு, காலில் கிடைத்த பூட்ஸ் என்று ஓடி வருவார்கள் பாருங்கள், அதைப் பார்க்கவே டிக்கெட் போடலாம். எடுக்காத காரை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் ஏற்கனவே பனி அள்ளி முடித்த தெரு ஒன்றில் விட்டுவிடுவார்கள், அபராதமும் உண்டு. மாப்பிள்ளை ஒரு ராத்திரி அசந்து தூங்கிவிட்டார், காலையில் கார் மூன்று தெரு தள்ளி நின்றது. தப்பு தன்னுடையது என்று பேசாமல் கட்டிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அப்புறம் ஊர்வலம். நடைபாதைக்குச் சின்ன டிராக்டர், ரோட்டுக்குப் பெரிய தள்ளு வண்டி, பனியை வாரி வாய்க்குள் இழுத்து மேலே குழாய் வழியாகப் பீய்ச்சுகிற ஒரு ராட்சசன், அது பக்கத்தில் அதே வேகத்தில் நகரும் லாரிக்குள் கொட்டும். லாரி நிறைந்ததும் அடுத்தது வந்து நிற்கும், ராட்சசன் நிற்பதே இல்லை. ரோடும் நடைபாதையும் சேர்த்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு அந்த ஊரில் இப்படிச் சுத்தம் செய்கிறார்கள். அள்ளினதைப் பழைய கல்குவாரி மாதிரி இடங்களில் மலையாகக் கொட்டுகிறார்கள், கொஞ்சம் சாக்கடைக் குழியிலும் விடுகிறார்கள், உள்ளே ஓடுகிற வெதுவெதுப்பான கழிவுநீரில் கரைந்துவிடுமாம்.

ஜனங்களுக்கும் வேலை இருக்கிறது. தன் வாசலை வெட்டி எடுத்த பனியை ரோட்டில் தள்ளக் கூடாது. குப்பைத்தொட்டியைத் தள்ளு வண்டி போகிற வழியில் வைக்கக் கூடாது. பனிமேட்டில் குழந்தைகளைக் குகை தோண்டி விளையாட விடக் கூடாது, வண்டி ஓட்டுகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், சொன்ன நேரத்தில் வண்டியை எடுக்க வேண்டும்.

அந்த ராட்சச வண்டியெல்லாம் நமக்கு வேண்டாம், நம்மிடம் பணமும் இல்லை பனியும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது அந்த ஆரஞ்சுப் பலகை மேல்தான். ஒரு தகரமும் இரண்டு நேரமும். இன்னொன்றும் தோன்றியது: பனி அள்ளுகிற வரைக்கும் போட்ட இடத்தில் அப்படியே கிடக்கும், தண்ணீர் வழி விட்டால் தானே நடந்து போகும். நம் வேலை அவர்கள் வேலையில் கால் பங்குகூட இல்லை. வழியில் காரை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

போன ஐப்பசியில் அதைச் செய்து பார்த்தோம். மேஸ்திரி நம்பரை ஃபெஞ்சலின்போதே வாங்கி வைத்திருந்தேன். போன் செய்து, "எப்ப வருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க தம்பி, சிலாப்பெல்லாம் காலியா வச்சிருக்கேன்" என்றேன். அவருக்கே ஆச்சரியம், இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம், எல்லாரும் ஏன் வரவில்லை என்றுதான் கேட்பார்களாம். "வியாழக்கெழம காலைல ஏழுக்கு மேலம்மா, பத்துக்குள்ள முடிச்சுருவேன்" என்றார். எங்கள் தெருக்கோடி சொல்தா மாமா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர், குளிர்ப்பிரதேசத்தில் பனி வெட்டியவர், ஆரஞ்சுப் பலகை என்றதுமே புரிந்துகொண்டு குபேர் அங்காடிக்குப் போய் அதே நிறத்தில் சார்ட் பேப்பர் வாங்கி வந்துவிட்டார். "வியாழன் காலை 7 முதல் 10 வரை இங்கே வண்டி வேண்டாம்" என்று மார்க்கரில் எழுதி, மழையில் நனையாமல் பாலித்தீன் கவர் போட்டு, ஆறு இடத்தில் கட்டினோம். வாட்ஸ்அப்பிலும் போட்டோம், ஆனால் வாட்ஸ்அப்பை யார் படிக்கிறார்கள், குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடியில் போய்விட்டது. வேலை செய்தது கயிற்றில் தொங்கிய பேப்பர்தான்.

சிலாப் மேல் வழக்கமாக நிற்கும் பதினொரு வண்டியில் பத்து நகர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் தூர் வாரி முடித்தார்கள். வாய்க்காலுக்குள் இருந்து எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். பாதிக்குப் பாதி கட்டட மணலும் ஜல்லித்தூளும், மேல்மாடி கட்டிக்கொண்டிருக்கிற வீட்டு வாசலில் குவித்து வைத்தது மழையில் கரைந்து உள்ளே போயிருக்கிறது. மணல் குவித்தால் சுற்றி நாலு மூட்டை அடுக்குங்கள், மேலே ஒரு தார்ப்பாய் போடுங்கள், பெரிய செலவில்லை.

இங்கே சேவைக்கு ஒரு குட்டு: எடுத்த சேற்றைக் கரையிலேயே குவித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், காய்ந்த பிறகு அள்ளுவோம் என்று. ஈரச் சேற்றை லாரியில் ஏற்றினால் வழியெல்லாம் ஒழுகும், அது சரி. ஆனால் ஐப்பசியில் எப்போது காயும்? சனிக்கிழமை பெய்த மழையில் பாதிச் சேறு திரும்ப உள்ளே போனது. மிச்சத்தை நாங்களே சாக்கில் கட்டி வைத்தோம், டிப்பர் திங்கட்கிழமை வந்தது. ஒரு நட்சத்திரம் இதற்கே போகிறது. இன்னொன்று முன்கூட்டி நேரம் சொல்லாததற்கு, நான் போன் செய்து கேட்டதால் எனக்குக் கிடைத்தது, மற்ற தெருக்களுக்கு?

ஆனாலும் அடுத்த மழைக்கு, அதுவும் நல்ல மழை, தண்ணீர் மூன்று மணி நேரத்தில் வடிந்தது. முந்தின வருஷம் இரண்டு நாள். அப்போதிருந்து மழை பிடித்தால் ஆளுக்கொரு வேலை வைத்திருக்கிறோம். வாசலுக்கு நேரே இருக்கும் வாய்க்கால் கம்பிச் சல்லடையில் இலை, கவர் சேர்ந்தால் அந்தந்த வீட்டுக்காரர் நீளக் குச்சியால் இழுத்துவிட வேண்டும், கையை விடக் கூடாது. மின்கம்பம், மின்பெட்டி பக்கத்தில் தண்ணீர் நின்றால் யாரும் போகக் கூடாது, முதலில் மின்துறைக்குத்தான் போன். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்கே கார்களை மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோய்விடுகிறோம், காரும் பிழைக்கிறது, சிலாப்பும் காலி. மொட்டைமாடிக் குழாயை நேராகத் தெருவில் விட்டிருந்த ஐந்து வீட்டில் மூன்று பேர் தங்கள் மழைநீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். ஃபெஞ்சல் மாதிரி மழைக்குத் தொட்டியெல்லாம் அரை மணி நேரம்கூடத் தாங்காது, ஆனால் சாதாரண மழையில் வித்தியாசம் தெரிகிறது. புகார் சொல்லும்போது "தண்ணி நிக்குது" என்று மட்டும் சொல்லாமல் போட்டோ, எந்தக் கம்பம், எத்தனை மணியிலிருந்து என்று அனுப்பினால் ஆள் சீக்கிரம் வருகிறார்கள், இது நான் இரண்டு தடவை பார்த்தது. வந்தவர்களுக்கு டீயும் கை கழுவ நல்ல தண்ணீரும் சோப்பும் கொடுங்கள். டெட்டால் போட்ட வாளி ஒன்று வைத்தேன், அந்தக் கூடைப் பையன் ஐந்து நிமிஷம் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

தனியார் மோட்டார் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஃபெஞ்சலின்போது தலைக்கு 300 ரூபாய் போட்டு எடுத்துப் பார்த்தோம். வாய்க்கால் அடைத்திருக்கும்போது நாங்கள் இறைத்த தண்ணீர் தெருவைச் சுற்றிவிட்டு எங்கள் வாசலுக்கே வந்தது. காசு தண்டம்.

சரி, கணக்கு. இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு ஐந்து. நேரம் சொல்வதில் பூஜ்யம். சேறு அள்ளுவதில் ஒன்றரை. எல்லாம் சேர்த்துப் பார்த்து இரண்டரை போடுகிறேன், மனசு நல்லா இருக்கும் நாளில் மூன்று போடுவேன்.

எங்கள் தெருவுக்கு நானே மூன்றரை கொடுத்திருக்கிறேன், நாலாக வேண்டியது. நகராத அந்தப் பதினோராவது வண்டி நாலாம் வீட்டுக் கார். இந்தத் தடவை அவர் ஊரில்தான் இருந்தார், பேப்பரையும் படித்தார். கார் ஏற வசதியாக வாய்க்கால் மேல் அவர் போட்ட சிமெண்ட் மேடு இன்னும் அப்படியே இருக்கிறது, அதற்கடியில் ஜெட்டிங் பைப் நுழையாது. தை பிறந்ததும் உடைக்கிறேன் என்று சொல்தா மாமாவிடம் சொல்லியிருக்கிறாராம். உடைத்த அன்றைக்கு அந்த அரை நட்சத்திரத்தைச் சேர்த்துவிடுகிறேன்.